முத்துக்குளித்துறையில் பறவைக் கணக்கு

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் சொல்வது மூன்று: முத்து, உப்பு, மக்ரூன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வ.உ.சி.யின் கப்பலையும் சேர்த்துக்கொள்வார்கள். பறவை என்று எவரும் சொல்லிக் கேட்டிருக்க முடியாது. இத்தனைக்கும் மாசி பிறந்து பங்குனி முடிவதற்குள் இந்தக் கரையோரத்திலும் அதற்குப் பின்னால் இருக்கும் தாமிரபரணிக் குளங்களிலும் நடக்கும் போக்குவரத்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல் போக்குவரத்தைவிடப் பழையது. சைபீரியாவுக்குத் திரும்புகிறவை ஒரு பக்கம், இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை இன்னொரு பக்கம். குளக்கரையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இதில் வேடிக்கை, பழைய நாட்களில் முத்துக்குளிப்பும் இதே மாதங்களில்தான் நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்புவதற்கு முன்னால் மன்னார் வளைகுடா கொஞ்ச நாள் கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்த இடைவெளியில்தான் ஆள் மூழ்க முடியும். ஆக ஒரே பருவத்தில் கடலில் ஒரு செல்வமும் குளத்தில் ஒரு செல்வமும் இருந்தன. முதலாவதற்குக் கணக்கு எழுதினவர்கள் ஏராளம். இரண்டாவதற்குக் கணக்கு எழுத ஆரம்பித்ததே நேற்று முன்தினம் மாதிரிதான்.

முதலில் முத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். அது இல்லாமல் பறவைக் கணக்கு புரியாது.

கொற்கை முத்து கிரேக்கர்களுக்குத் தெரியும். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்’ கொற்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளிக்கிறார்கள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னும் நுணுக்கமான ஆள். பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு என்று பங்கு பிரித்தே எழுதிவிட்டார். இந்த மந்திரக்காரர்களைப் பிற்காலத்தில் கடற்கட்டி என்றார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் வந்த பிறகும் கடற்கட்டி இல்லாமல் பரதவர்கள் தோணி ஏற மறுத்ததால், மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத அதிகாரிகளே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்! இன்றைய பாஷையில் இன்சூரன்ஸ் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

போர்த்துக்கீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், கடைசியில் ஆங்கிலேயர். கை மாறிக்கொண்டே இருந்தது, முறை மட்டும் பெரிதாக மாறவில்லை. பாருக்குப் போய் கொஞ்சம் சிப்பியை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். கட்டுப்படியாகும் என்றால் குளிப்பு அறிவிக்கப்படும். கரையில் ஒரு ஓலைப் பட்டணமே ஒரு வாரத்தில் எழும்பும். குளிகாரர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஏழு, எட்டு, பத்துப் பாகம் ஆழம் இறங்குவார். எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது, மீதி சர்க்காருடையது. ஏலம், வியாபாரி, கொழும்பு, பம்பாய்.

எல்லாம் சரிதான், சிப்பி இருந்தால். 1822-இல் ஒரு குளிப்பு, சுமார் 13 ஆயிரம் பவுன் வருமானம். 1830-இல் ஒன்று, சுமார் 10 ஆயிரம். அதற்கப்புறம் முப்பது வருஷம் ஒன்றுமே இல்லை. 1860-இல் மீண்டும் தொடங்கி இரண்டு மூன்று பருவம். பிறகு 1889 வரை மறுபடி சும்மா. அந்த 1889 குளிப்பைப் பார்க்க சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வந்திருந்தார். பின்னால் ஜேம்ஸ் ஹார்னெல் வந்து பார்களை ஆராய்ந்து 1905-இல் அறிக்கை கொடுத்தார். கடைசியாக 1955-இல் தொடங்கின வரிசை 1961-இல் நின்றது. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி இங்கேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். பெரிய சாதனைதான். ஆனால் அது பண்ணையின் கதை.

இனி குளத்துக்கு வரலாம்.

பறவை பார்ப்பது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பொழுதுபோக்கு என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. பைனாகுலர் அவன் கொடுத்ததுதான், சந்தேகமில்லை. கண் நம்முடையது. சத்திமுற்றப் புலவரின் நாரைவிடு தூதுப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் குறைவு. வறுமையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், வானில் போகும் நாரையிடம் தன் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். வாத்தியார்கள் வறுமையைப் பற்றியும் உவமையைப் பற்றியும் கேள்வி கேட்பார்கள். பறவை ஆர்வலர் கேட்கும் கேள்வி வேறு. அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட ஆள் அந்த நாரையை எவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க வேண்டும்? அதைவிட முக்கியம், அது தெற்கே குமரித்துறைக்குப் போய்விட்டு வடக்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் ஜோடியோடு. வலசை என்று இன்று சொல்வதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். செங்கால் நாரை குளிர்காலத்தில் தென்பாண்டி நாட்டுக்கு வரும் பறவை என்பது பிற்காலத்தில் பைனாகுலர்காரர்களும் உறுதிசெய்த விஷயம்.

பார்த்ததை நாள், இடம் போட்டு எழுதிவைக்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லாமல் இருந்தது. அதைத் தொடங்கினவர்கள் கலெக்டர்கள், காட்டிலாகாக்காரர்கள், பாதிரிமார்கள். 1883-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கப்பட்ட பிறகு அதன் சஞ்சிகைக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது இவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பாதிப்பேர் துப்பாக்கியோடு போனவர்கள். சுட்டு, அளந்து, பிறகுதான் பெயர் எழுதினார்கள். அதை இன்று ஏசிப் பிரயோஜனமில்லை, நல்ல பைனாகுலர் பரவலாகக் கைக்கு வராத காலம் அது.

அந்தச் சஞ்சிகையில் 1907-இல் ரேனியஸ் என்பவர் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. இந்தியாவில் கூழைக்கடா கூடு கட்டுவது பற்றியது. அவர் பார்த்த இடம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம். (பாளையங்கோட்டையில் தேவாலயங்கள் கட்டின ரேனியஸ் ஐயர் அல்ல இவர். அவர் 1838-லேயே காலமாகிவிட்டார்.) 1945-இல் டோனாவூரில் ஊழியம் செய்த வெப்-பெப்லோ, திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதிப் பறவைகள் சிலவற்றைப் பற்றி அதே சஞ்சிகையில் எழுதினார். எமி கார்மைக்கேல் அம்மையாரின் டோனாவூர்தான். பிறகு 1961-இல் வில்கின்சன் என்பவரின் குறிப்பு, மறுபடியும் கூந்தன்குளத்துக் கூழைக்கடாக்களைப் பற்றி.

1961! தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த அதே வருஷம். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, வெறும் தற்செயல்தான். ஆனாலும் இரண்டு பேரேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் அங்கே நிற்கத்தான் செய்கிறது. சர்க்கார் இன்ஸ்பெக்டர், சூப்பிரண்டு, காவல் தோணி எல்லாம் போட்டுக் காத்த பாரில் சிப்பி தீர்ந்துபோகிறது. 1907-இல் கூழைக்கடா கூடு கட்டின ஊரில் ஐம்பத்து நான்கு வருஷம் கழித்தும் கூழைக்கடா கூடு கட்டுகிறது. அங்கே 1961 வரை எந்தச் சரணாலயமும் கிடையாது. போர்டு கிடையாது, வாட்சர் கிடையாது. காத்தது யார்?

பதில் கூந்தன்குளத்தின் தெருக்களில் இருக்கிறது. நாங்குநேரி தாலுகாவில் இருக்கும் சின்ன ஊர். தூத்துக்குடியும் அதுவும் இன்று வேறு வேறு மாவட்டம் என்றாலும் 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான். கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேரும். 1958-இல் அணை வருவதற்கு முன்னாலும் பறவை வந்தது என்பதற்கு அந்த 1907 குறிப்பே சாட்சி. மார்கழியில் குளம் நிறைந்தால் தை மாதம் பறவை இறங்கும். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள் போதாமல், ஊருக்குள் வந்து வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் கூடு வைக்கும். சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் தலைக்கு மேலே, கீழே துணி காயப்போடுகிறார்கள். மீன் வாடையும் எச்ச வாடையும் சேர்ந்து அடிக்கும் அந்த நாற்றத்தை வெளியூர்க்காரர் பத்து நிமிஷம் தாங்க மாட்டார். ஊர்க்காரர்கள் ஆறு மாதம் தாங்குகிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்ட பால்பாண்டி என்ற வனத்துறைக் காவலர் ஊருக்கு வெளியேயும் பெயர் பெற்றார். அந்த வேலையில் அவர் மனைவிக்கும் பாதிப் பங்கு உண்டு.

பறவை வந்தால் மழை வரும், பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை மட்டும்தானா என்றால், இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் அப்படியே வயலுக்குப் பாய்கிறது. குளம் வற்றினதும் அடியில் படிந்த வண்டலை அள்ளி வயலில் போட்டார்கள். உரக்கடைக்குக் கொடுக்க வேண்டிய காசு மிச்சம். அதாவது பறவையின் லாபம், பறவையைப் பொறுத்துக்கொள்கிற அதே ஆளின் வயலில் வந்து இறங்குகிறது. நடுவில் ஏலமும் இல்லை, தரகரும் இல்லை.

இது இந்த ஊரின் தனிச் சாமர்த்தியம் அல்ல. வடக்கே வேடந்தாங்கலில் இதே கணக்கு இன்னும் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் துருப்புக்காரர்கள் ஏரியில் பறவைகளைச் சுடவும், ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கலெக்டரிடம் போனார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார், அங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று. 1858-இல் அந்த உரிமை மறுபடி உறுதிசெய்யப்பட்டது. 1936-இல் சரணாலயம் என்ற அங்கீகாரம் வந்தது. காட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-இல். வேளாண் குடிகள் சட்டத்துக்கு 174 வருஷம் முந்திக்கொண்டார்கள்.

இங்கே ஒரு தப்பான முடிவுக்கு அவசரப்பட்டுப் போய்விடக் கூடாது. சர்க்கார் காத்ததெல்லாம் அழிந்தது, ஊர் காத்ததெல்லாம் வாழ்ந்தது என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். உண்மை அவ்வளவு நேராக இல்லை. முத்துப்பாரைச் சர்க்கார் கண்மூடித்தனமாகக் கொள்ளையடித்ததாகச் சொல்ல முடியாது. முப்பது வருஷம் குளிப்பே நடத்தாமல் காத்திருந்திருக்கிறார்கள். மணல் நகர்ந்து பாரை மூடும். சூரன் என்ற மட்டி கம்பளம் மாதிரி படர்ந்து குஞ்சுச் சிப்பியை மூச்சுமுட்ட வைக்கும். திருக்கையும் கிளாத்தியும் மேய்ந்துவிடும். கடலடியில் பத்துப் பாகம் ஆழத்தில் நடப்பதைக் கரையிலிருந்து எந்த ஊர்க்கூட்டமும் காவல் காக்க முடியாது. குளம் கண்முன்னே இருக்கிறது. வித்தியாசம் அங்கேயும் இருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் மறுக்க முடியாது. பாரில் சிப்பி இல்லாமல் போனபோது பரதவருக்கு நஷ்டம் வந்தது, அதைத் தடுக்க அவர் கையில் எந்த அதிகாரமும் இருந்ததில்லை. இறங்குவது எப்போது, எத்தனை தோணி, பங்கு எவ்வளவு, எல்லாம் வேறு யாரோ முடிவுசெய்தது. கூந்தன்குளத்தில் வெடி வெடிப்பதா வேண்டாமா என்பதை ஊரே முடிவுசெய்கிறது. 1994-இல் அரசாங்கம் வந்து சுமார் 129 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்த அறிவிப்பும் வந்தது. இரண்டும் ஏற்கெனவே இருந்ததன்மேல் குத்தின முத்திரை.

மு. கிருஷ்ணனைச் சொல்லாமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். நாற்பத்தாறு வருஷம் ஒரே பத்தி! தமிழில் எழுதினது குறைவுதான். அதைத் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் வெளியிட்டவர் சு. தியடோர் பாஸ்கரன். பறவையைப் பற்றித் தமிழில் எழுதினால் ஒன்று பக்திப் பாட்டு மாதிரி இருக்கும், இல்லை பாடப்புத்தகம் மாதிரி இருக்கும் என்ற நிலைமையில், இப்படியும் எழுதலாம் என்று காட்டின புத்தகம் அது. நூலகத்தில் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம்.

சரி, கூந்தன்குளத்துக்குப் பெயர் இருக்கிறது. தூத்துக்குடியின் சொந்தக் குளங்கள்?

1870-களில் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டாக ஸ்ரீவைகுண்டம் அணை கட்டப்பட்டது. அதிலிருந்தும் அதற்கு மேலே இருக்கும் மருதூர் அணையிலிருந்தும் கிளம்பும் கால்வாய்கள் 53 குளங்களை நிரப்புகின்றன, 46 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். தென்திருப்பேரைப் பக்கம் கடம்பாகுளம், வடகாலில் ஆறுமுகமங்கலம், பேய்க்குளம், பொட்டைக்குளம், கடைசியில் தூத்துக்குடியின் தலைமாட்டிலேயே கோரம்பள்ளம். கார்த்திகை, மார்கழியில் நிறையும். வயலுக்குத் தண்ணீர் விடவிட மட்டம் இறங்கி, மாசி பங்குனியில் ஓரமெல்லாம் சேறு தெரியும். பறவை பார்ப்பவருக்குக் கொண்டாட்டம் அந்தச் சேற்றில்தான். நடுவே ஆழத்தில் நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும். முழங்கால் ஆழத்தில் துடுப்புமூக்கன், அரிவாள்மூக்கன். சேற்றில் உள்ளான்கள். ஒரே குளம், தண்ணீரின் ஆழத்துக்கு ஏற்பத் தட்டுத் தட்டாகக் குடித்தனம். நிறைகுளம் அழகாக இருக்கும், ஆனால் பறவை குறைவு. இறங்குகிற குளத்தில்தான் கூட்டம்.

இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இந்தத் தென்கோடிவரை வருகிறது. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டு, நம் ஊர் அறுத்த வயலில் புல் மேய்ந்துவிட்டு, பங்குனிக்குள் கிளம்பிவிடும். தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, அடையாளம் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை.

வணிகவியல் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் சொத்தின் மதிப்பில் கொஞ்சம் கழித்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய். இந்தக் குளங்களுக்கு யாரும் தேய்மானம் எழுதவில்லை. வருஷா வருஷம் வண்டல் சேர்ந்தது. வண்டல் அள்ளுகிற பழக்கம் மூட்டை உரம் வந்ததும் குறைந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குள்ளேயே மண் மேடிட்டு, சீமைக்கருவேலம் காடாக வளர்ந்து, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் தூர்வாரும் வேலை தொடங்கியது. இருக்கிற தண்ணீருக்கும் போட்டி. 20 எம்ஜிடி திட்டம் என்ற பெயரில் தூத்துக்குடி ஆலைகளுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போனது. விவசாயிகள் வழக்குப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் கூழைக்கடாவுக்கு வக்கீல் இல்லை. ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கேட்கிற விவசாயி ஜெயித்தால் அதற்கும் சேர்த்துத்தான் ஜெயித்த மாதிரி.

எழுதாத தேய்மானம் 2023-இல் வட்டியோடு வந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அவ்வளவு மழையை எந்தக் குளமும் தாங்கியிருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் மண் நிறைந்த குளம் முதலில் உடையும். கடம்பாகுளத்தில் உடைப்பு, கோரம்பள்ளத்தில் உடைப்பு, தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில். உடைந்த குளத்தில் தை மாதம் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத குளத்தின் நடுவே இருக்கும் மரத்தில் பறவை கூடு வைக்காது. சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் நாயும் நரியும் வராது என்பது அதற்குத் தெரியும்.

மரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குளத்துக்குள் இன்று பறவை கூடு கட்டும் நாட்டுக்கருவேல மரங்கள் பெரும்பாலும் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை. விறகுக்காக நட்டது, முற்றினதும் ஏலம் விடுவது என்பதே திட்டம். பறவை அந்த ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. பத்து வருஷம் குடியிருந்த மரம் ஒரு கோடையில் லாரியேறிவிடும். ஏலத்தில் பஞ்சாயத்துக்கும் பங்கு வரும் என்பதால் ஊரையும் குறை சொல்ல முடியவில்லை. எச்சத்தின் லாபம் பேரேட்டில் ஏறாது, விறகின் லாபம் ஏறும். கூந்தன்குளம் தப்பித்தது சரணாலயம் ஆனதால். இதே மாவட்டத்தில் திருப்புடைமருதூர் மக்கள் வேறு வழி கண்டார்கள். ஆற்றங்கரைக் கோயிலைச் சுற்றியிருக்கும் மருத மரங்களில் நாரைகள் கூடு கட்டும் இடத்தைக் காப்புப் பகுதியாக்க அவர்களே முன்வந்து, 2005-இல் அது இந்தியாவின் முதல் சமூகப் பங்கேற்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு வெறும் 2.84 ஹெக்டேர். ஒரு பெரிய கல்லூரி வளாகத்தைவிடச் சிறியது!

குளத்தை விட்டுக் கிழக்கே வந்தால் உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சரிசெய்து வேலையைத் தொடங்குவார்கள். உப்புத் தண்ணீரை முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு வெயிலில் சுண்டவைத்து, பிறகு பாத்திக்குக் கொண்டுவருவார்கள். அந்த முதல் தேக்கங்களில்தான் பூநாரைகள் நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சல்லடை மாதிரி வடிகட்டிச் சாப்பிடும். அந்தச் சின்ன உயிர்களில் இருக்கும் நிறமிதான் அதன் இளஞ்சிவப்புக்குக் காரணம். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெயிலில் பெண்கள் உப்பு சுமக்க, நூறு அடி தள்ளிப் பூநாரைக் கூட்டம் மேயும். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போட்டோ எடுக்க வருகிறவர்கள் பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அது வேறு விஷயம்.

கரையோர உள்ளான்களைப் பற்றி முறையான ஆராய்ச்சி நடந்தது மண்டபம் பக்கத்தில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980-களில் அங்கே தங்கி, வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து விட்டார். எடை பார்ப்பதில் ஒரு காரணம் உண்டு. பங்குனியில் பிடிபடும் உள்ளான் மார்கழியில் பிடிபட்டதைவிடக் கனமாக இருக்கும். ஆயிரக்கணக்கான மைல் போக வேண்டும், பெட்ரோல் போடுகிற மாதிரி கொழுப்பு ஏற்றிக்கொள்கிறது. வளைமூக்கு உள்ளான் குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் யார் கண்ணிலும் படாமல் திரிந்துவிட்டு, சைபீரியத் தூந்திரப் பகுதிக்குக் கிளம்பும் முன் செங்கல் சிவப்புக்கு மாறிவிடும். ஒருகாலத்தில் இந்தக் கரையில் கூட்டம் கூட்டமாகத் தெரிந்த பறவை, எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

அவை தங்கி இளைப்பாறுகிற தீவுகளும் குறைந்துவிட்டன. 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தீவுகள் 21. அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான்தீவு 1986-இல் 16 ஹெக்டேர், 2014 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே. பல வருஷம் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றதன் பலன். அலையைத் தடுக்கும் சுவர் போனால் மண் நிற்குமா? பிறகு செயற்கைப் பாறைகளை இறக்கித் தீவைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இவ்வளவுக்கும் குளத்துப் பறவை குறைந்ததா, கூடினதா என்று கேட்டால் 2011 வரை சொல்ல ஆளில்லை. 1907, 1945, 1961 என்று அங்கங்கே ஒரு குறிப்பு. நடுவில் வெள்ளைத்தாள். முத்துக்கு 1822-இன் வருமானம்கூடத் தெரியும், கோரம்பள்ளத்தில் 1980-இல் எத்தனை நாரை இருந்தது என்று தெரியாது. 2011-இல் மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. வருஷம்தோறும் ஜனவரியில், திருநெல்வேலி தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்கள் அறுபதுக்கும் மேல். எண்ணுகிறவர்களில் பாதிக்கு மேல் விஞ்ஞானிகள் கிடையாது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், ரிட்டயர் ஆனவர்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணும் பழக்கமும் 2015 முதல் சேர்ந்துகொண்டது.

எண்ணும் முறை கேட்கச் சுலபம். வெயில் ஏறுவதற்குள் கரைக்குப் போக வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், எதிரே நின்றால் எல்லாம் கறுப்புப் பறவைதான். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, அந்த அளவால் மீதிக் கூட்டத்தை அளக்க வேண்டும். பருந்து ஒன்று வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பெயர் தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். ஊகத்தில் எழுதின ஒரு பெயர் மொத்தத் தாளையும் கெடுத்துவிடும். மடையில் தண்ணீர் போகிறதா, சேறு எவ்வளவு தெரிகிறது, கருவேலம் வெட்டியிருக்கிறதா என்பதற்கும் தாளில் இடம் உண்டு. அதை நிரப்பாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பறவையைப் பார்த்த சந்தோஷத்தில் குளத்தைப் பார்க்க மறந்துவிடுகிறது.

அந்தக் கணக்கெடுப்பு ஜனவரியோடு முடிந்துவிடுகிறது. மாசி, பங்குனிக்கு இன்னும் முறையான கணக்கு குறைவு. இந்தக் குளங்களில் கூடு கட்டுகிறவை குஞ்சோடு இருப்பதும், வெளிநாட்டவை மூட்டை கட்டுவதும் அப்போதுதான். கோரம்பள்ளத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூழைக்கடா வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். எட்டரைக்கு மேல் கரையில் வெயிலில் நிற்க முடியாது.